பன்னிரண்டு நிமிடத் தூரம்

வால்பாறையிலிருந்து தாளவாடி எவ்வளவு தூரம் என்று சென்னகிருஷ்ணனைக் கேட்டால் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். ஐந்து பஸ் என்பார். வால்பாறையில் ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சி. அங்கே மாறி உக்கடம். உக்கடத்தில் டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம். காந்திபுரத்திலிருந்து அன்னூர் வழியாகச் சத்தியமங்கலம். சத்தியில் காத்துக்கிடந்து, கடைசியில் பண்ணாரி தாண்டி இருபத்தேழு வளைவுகள் ஏறி, திம்பம், ஆசனூர், தாளவாடி. விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேரலாம், எல்லா பஸ்ஸும் அதனதன் நேரத்துக்கு வந்தால். அப்படி வந்ததாக அவருக்கு நினைவில்லை.

இந்த வழியில் அவர் மூன்று வருடமாக மாதம் இரண்டு தடவை போய்வந்துகொண்டிருந்தார். தாளவாடியில் அவர் மனைவி கோமளா இருந்தாள். இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. அதாவது, ஒரே வாரியத்தில். குறிஞ்சி நிலப்பகுதி நலவாரியம் என்று அதற்குப் பெயர். மலைமேல் இருக்கும் மக்களின் நலனைக் கோயமுத்தூர் சமவெளியில் உட்கார்ந்து கவனிப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. அதன் வால்பாறைப் பண்ணையில் சென்னகிருஷ்ணன் விதைக்கிடங்குக் காப்பாளர். தாளவாடித் தாய்சேய் நல நிலையத்தில் கோமளா நர்ஸ். கல்யாணமான பதினோராம் நாள் இருவரும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறியவர்கள், அன்றிலிருந்து அப்படியேதான் இருந்தார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆடி மாதம் கோமளா முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதுவரை சட்டம் விதி என்று எதையும் புரட்டிப் பார்க்காத சென்னகிருஷ்ணன், பண்ணை அலுவலகத்தில் பூச்சி அரித்துக் கிடந்த வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். அதில் தம்பதியர் இணைப்பு விதி என்று ஒன்று இருந்தது. கணவன், மனைவி இருவரும் வாரிய ஊழியராக இருந்து, அவர்கள் பணியிடங்களுக்கு இடையே தூரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேலோ, பயண நேரம் எட்டு மணிக்கு மேலோ இருந்தால், ஒருவரை மற்றவர் இருக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றலாம் என்றுகூட இல்லை. மாற்ற வேண்டும் என்றே இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வாரமே மனு எழுதினார். தூரம் இருநூற்று முப்பது கிலோமீட்டர், பயண நேரம் பதினோரு மணி என்று குறிப்பிட்டு, ஐந்து பஸ் டிக்கெட்டுகளையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி இணைத்தார். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது.

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. வால்பாறை – தாளவாடி தூரம் 161 கி.மீ. பயண நேரம் 12 நிமிடம். எனவே விதியின் வரம்புக்குள் வராமையால் மனு நிராகரிக்கப்படுகிறது.'

சென்னகிருஷ்ணன் இதைப் படித்துக் கோபப்படவில்லை. தட்டச்சுப் பிழை என்று நினைத்தார். பன்னிரண்டு மணி என்று அடிக்கப் போய் நிமிடம் என்று விழுந்திருக்கும். அவர் சொன்னதைவிட ஒரு மணி நேரம் கூடவே போட்டிருக்கிறார்களே என்று ஒரு நன்றிகூட மனதில் எழுந்தது. நேரில் போய்ச் சொன்னால் அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனார்.

வாரியத் தலைமையகத்தில் தூரப் பிரிவு என்று புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதன் கண்காணிப்பாளர் திருமலைசாமி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கோமளாவுக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தார். பிறகு, பிழை எதுவும் இல்லை, பன்னிரண்டு நிமிடம்தான் என்றார்.

"ஏனுங்க, நான் மூணு வருசமாப் போய்ட்டு வாரனுங்க. பொழுதன்னிக்கும் ஆகுதுங்க."

"நீங்க சொல்றத நான் நம்பறனுங்க. ஆனா கம்ப்யூட்டரு வேற சொல்லுதுங்களே. வாங்க, நீங்களே பாருங்க."

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே குளிர்சாதனம் ஓடியது. கட்டடத்திலேயே அது ஒன்றுதான். நிர்வாக இயக்குநர் அறையில்கூட மின்விசிறிதான். வாசலுக்குமேல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. ஃபர்சானா என்ற இளம்பெண் பச்சைத் துணி உறையை விலக்கி இரண்டு ஊர்ப் பெயர்களையும் தட்டினாள். பக்கத்தில் இருந்த பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று வெகுநேரம் இழுத்து இரண்டு வரி அடித்துத் துப்பியது. 161. 12.

"இது எப்படி வருதுங்க அம்மணி?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"ரெண்டு ஊருக்கும் நேரா ஒரு கோடு போடுதுங்க. அப்புறம் ஏரோப்ளேன் வேகத்தால வகுக்குது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர்."

"பஸ்ஸால வகுக்காதுங்களா?"

ஃபர்சானா தயங்கினாள். "கம்ப்யூட்டர் வாங்கும்போது இந்தப் பிளாப்பியச் சும்மா குடுத்தாங்க. ஏதோ வெளிநாட்டுல பயணம் போறவங்களுக்குப் போட்டது. இதுல பஸ் இல்லீங்க."

திருமலைசாமி இடையில் புகுந்தார். "பஸ்ஸ நம்பி ஒரு விதிய நடத்த முடியுங்களா? டிரைவரு டீ குடிப்பாரு. டயரு பஞ்சராகும். இன்னிக்குப் பத்து மணி நேரம், நாளைக்குப் பன்னெண்டு. கம்ப்யூட்டரு என்னிக்குக் கேட்டாலும் பன்னெண்டு நிமிசந்தானுங்க. மாத்திப் பேசாது."

"ஆனா வால்பாறையில ஏரோப்ளேன் இல்லீங்களே."

"இருக்குதுன்னு நாங்க எங்கீங்க சொன்னோம்? இருந்தா பன்னெண்டு நிமிசம். அதத்தான் சொல்றோம்."

சென்னகிருஷ்ணனுக்கு இதில் எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. வெறுங்காலில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. "இல்லாத ஏரோப்ளேன்ல நான் எப்படிங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்கறதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் ஆதாரம் இருக்குதுங்களா?" என்று திருமலைசாமி உண்மையான அக்கறையோடு விசாரித்தார். "ரெண்டு ஊர்லயும் விமான நிலையம் இல்லைன்னு சான்று வாங்கிட்டு வந்து குடுங்க. மேலிடத்துக்குப் புட்டப் பண்றேன்."

வால்பாறையில் சான்று கேட்டுப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தார். "இருக்கறதுக்கு எழுதிக் குடுக்கலாமுங்க. கிணறு இருக்குது, மரம் இருக்குது, புறம்போக்கு இருக்குது. இல்லாததுக்கு எந்த ரிஜிஸ்தரப் பாத்து எழுதறது?" என்றார். ஆனாலும் மனிதர் இரக்கப்பட்டு, தன் எல்லைக்குள் தான் அறிந்தவரை விமான நிலையம் எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளவாடியில் அதே வாசகத்தைக் காட்டி அதே மாதிரி இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு முறை, அன்றைக்கு அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் இல்லாததால் இன்னொரு முறை. அலைந்தது எல்லாம் மனைவியைப் பார்க்கப் போகிற பயணத்திலேயே சேர்ந்துகொண்டதால், கோமளாவோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரத்தில் பாதி அதில் போயிற்று.

"பன்னெண்டு நிமிசமா?" என்றாள் கோமளா. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வீங்கிய பாதத்தைத் தானே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒலை கொதிக்கவே பத்தாதே. எனக்கு மாசிக் கடைசியில நாள் வருது. அதுக்குள்ள உங்க வாரியம் ஏரோப்ளேன் வாங்கி உடுமான்னு கேட்டுட்டு வாங்க."

"உனக்கும் அதே வாரியந்தான," என்றார் சென்னகிருஷ்ணன்.

"அதனாலதான் சொல்றேன். எனக்கு அவுங்களத் தெரியும்."

சான்றுகளை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊழியர் கொண்டுவந்த சான்றைச் சரிபார்க்காமல் விடுவது முறையல்ல என்று இரண்டு ஆய்வாளர்களை அனுப்பியது. அவர்கள் ஜீப்பில் புறப்பட்டு, வழியில் இரண்டு இடங்களில் விருந்தினர் மாளிகையில் தங்கி, வால்பாறையைப் பார்த்து, அங்கிருந்து தாளவாடியைப் போய்ப் பார்த்து, ஆறாம் நாள் திரும்பினார்கள். அறிக்கை ஒன்பது பக்கம். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியதை அங்கே இருந்த டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே 'இறங்குதளம் உண்டு, சேவை ஒழுங்கற்றது' என்று எழுதியிருந்தார்கள். தாளவாடியைப் பொறுத்தவரை, 'முட்டைக்கோஸ் அறுவடைக்குப் பின் சாத்தியம்' என்று இருந்தது.

இந்த அறிக்கையின்பேரில் தை மாதம் நேர்முக விசாரணை வைத்தார்கள். நிர்வாக இயக்குநர் செங்கோடன் தலைமை. நீள மேசையைச் சுற்றி ஏழு அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் முறுக்கும் டீயும் இருந்தன. சென்னகிருஷ்ணனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

செங்கோடன் முதலில் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். அதற்கு விசாரணையோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்க ஆள் இருந்தது.

"நம்ம வாரியம் குடும்பங்களப் பிரிச்சு வெச்சிருக்குதுன்னு வெளியில ஒரு பேச்சு இருக்குதுங்க. நான் பொறுப்பு ஏத்தப்ப, நம்ம ஊழியர்கள்ல புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல சராசரி தூரம் இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். இன்னிக்கு நூத்தி அம்பத்தஞ்சு. ஒருத்தரக்கூட இருந்த எடத்த உட்டு அசைக்காம இதச் சாதிச்சிருக்கறோம். நாப்பத்திமூணு மாறுதல் மனு நிலுவையில கெடந்துது. கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு மத்தியானமே எல்லாத்தையும் முடிச்சோம். ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஒண்ணர நிமிசந்தான் ஆச்சு."

அதிகாரிகள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்றார் செங்கோடன்.

சென்னகிருஷ்ணன் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது. "ஐயா, நேரா கோடு போட்டா சரிங்க. நடுவுல அறுபத்தேழு வளைவு இருக்குதுங்களே."

"வளைவ நம்ம வாரியம் ஒத்துக்கறதில்லீங்க. வளைவுங்கறது ரோட்டுக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற பிரச்சன. அதுல ஊழியர் தலையிடக்கூடாது."

"நான் அந்த ரோட்டுலதானுங்களே போறேன்."

"அது உங்க விருப்பமுங்க."

சென்னகிருஷ்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஆய்வாளர்கள் இரண்டு பேரும் இதே தூரத்துக்கு ஆறு நாள் எடுத்துக்கொண்டதையும், அவர்கள் பயணக் குறிப்பேட்டில் வால்பாறைக்கும் தாளவாடிக்கும் இடையே இருநூற்று அறுபது கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதையும் சொன்னார். அவர் எழுதியதைவிட அது முப்பது கிலோமீட்டர் அதிகம். இதைத் திருமலைசாமிதான் ஒரு பலவீனமான நேரத்தில் அவருக்குக் காட்டியிருந்தார்.

மேசையைச் சுற்றி முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. செங்கோடன் சற்றும் தடுமாறவில்லை.

"அது ஆய்வுத் தூரமுங்க. இது மாறுதல் தூரம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அதிகாரி பயணம் பண்றது வேலை. வேலைய அவசரமாப் பண்ணமுடியாது. நீங்க போறது ஊட்டுக்கு. ஊட்டுக்குப் போறவன் வேகமாத்தானே போவான்?"

தீர்ப்பு கூடுதல் ஆய்வுக்காக ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை மனுதாரர் தாளவாடிக்குச் செல்ல எடுக்கும் எந்த விடுப்பும் தலைமையகத்தின் முன் அனுமதி பெற்றே எடுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். விசாரணை நடக்கும்போது மனுதாரர் அந்த வழியில் அடிக்கடி போய்வந்தால் அது ஆதாரத்தைக் கலைப்பதாகிவிடுமாம்.

மாசி பிறந்து நான்காம் நாள், பண்ணை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியது மெஹராஜ். தாளவாடியில் வாரியத்தின் பால்வாடி ஆசிரியை, கோமளாவுக்கு அடுத்த வீடு. கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரி. எப்போதும் நிதானமாகப் பேசுபவள் அன்றைக்கு மூச்சு வாங்கினாள்.

"அண்ணா, கோமளாக்காவுக்கு வலி கண்டுருச்சு. மூணு வாரம் முந்தியே வந்துருச்சு. ஜீப்புக்குச் சொல்லி உட்டிருக்கறோம், இன்னும் வரல. நீங்க கெளம்பி வாங்க."

அப்போது மணி பன்னிரண்டே கால். பண்ணை மேலாளரிடம் விடுப்புக் கேட்டார். அவர் வருத்தப்பட்டார். தாளவாடிக்கு என்றால் தனக்கு அதிகாரமில்லை, கோயமுத்தூருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். வேறு எங்காவது போவதாக எழுதிக் கொடுக்கச் சொல்லி யோசனையும் சொன்னார். பொள்ளாச்சி சந்தைக்கு என்று எழுதலாம். பழனிக்கு என்று எழுதலாம்.

ஐந்து மாதமாகச் சென்னகிருஷ்ணனுக்குள் புகைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த நிமிடம் மெல்ல எழுந்து நின்றது. வெளியே போய்வருவோர் பதிவேட்டை இழுத்தார். நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினார்.

செல்லுமிடம்: தாளவாடி. காரணம்: மதிய உணவு. புறப்பாடு: 12.30. திரும்புதல்: 1.30. குறிப்பு: போக 12 நிமிடம், வர 12 நிமிடம், சாப்பிட 36 நிமிடம்.

மேலாளர் அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார்.

அன்றைக்கும் பஸ்கள் வழக்கம்போலத்தான் வந்தன. உக்கடத்தில் டவுன் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நின்றார். சத்தியமங்கலம் போனபோது தாளவாடிக்குக் கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினால், ஒன்பதாம் வளைவில் கரும்பு லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. மேலேயும் கீழேயும் வண்டிகள் மைல் கணக்கில். சென்னகிருஷ்ணன் இறங்கி, லாரியைத் தள்ளியவர்களோடு சேர்ந்து தானும் தள்ளினார். தள்ளும்போது அழுதார். வியர்வை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அவர் தாளவாடியில் இறங்கியபோது சரியாக மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு நாள் கழித்து.

முந்தின நாள் சாயங்காலம், அவர் உக்கடத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில், மகள் பிறந்திருந்தாள். தாளவாடி நிலையத்தில் இருந்த ஒரே நர்ஸுக்குத்தான் பிரசவம் என்பதால் பார்க்க நர்ஸ் இல்லை. ஜீப் வருவதற்குமுன் குழந்தை வந்துவிட்டது. வலிக்கும் வலிக்கும் நடுவில் கோமளா படுத்தபடியே உத்தரவு போட, அதுவரை குழந்தைகளுக்கு அ ஆ மட்டும் சொல்லிக் கொடுத்திருந்த மெஹராஜ் பயந்து பயந்து ஒவ்வொன்றாகச் செய்திருந்தாள். வெந்நீர் கொண்டா. துணி அங்கே வெக்காதே. இப்பப் புடி. கையி நடுங்கக்கூடாது. தொப்புள்கொடியை எங்கே கட்ட வேண்டும் என்பதைக் கோமளா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். இரண்டாம் தடவை திட்டிவிட்டாளாம்.

சென்னகிருஷ்ணன் கதவருகே நின்றார். உள்ளே போக வெட்கமாக இருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள் கோமளா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "லீவு குடுத்தாங்களா?"

"சாப்பாட்டுக்கு வந்துருக்கறேன்," என்றார். பதிவேட்டில் எழுதியதைச் சொன்னார்.

கோமளா சிரிக்க ஆரம்பித்து, வயிறு வலிக்க, கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. "சோத்துக்கு மெஹராஜத்தான் கேக்கணும்," என்று சொல்லிக் குழந்தையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ரோட்டுப் புழுதியோடு எப்படித் தொடுவது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். குழந்தை அவரைப் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் குறிப்பாணை வந்தது. மதிய உணவுக்குச் சென்றவர் உரிய நேரத்தில் திரும்பாததற்கு விளக்கம் கேட்டிருந்தது. சென்னகிருஷ்ணன் ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினார்: 'ஐயா, விமானம் இன்னும் வரவில்லை.'

தலைமையகத்தில் இந்த வரி ஏற்படுத்திய சங்கடத்தை வெளியார் புரிந்துகொள்வது கடினம். அவர் நடு ரோட்டில் அரைப் பகல், ஓர் இரவு, இன்னொரு அரைப் பகல் பட்ட பாட்டை ஒத்துக்கொண்டால், வால்பாறைக்கும் தாளவாடிக்கும் இடையே பஸ் தூரம் என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்புறம் அந்த நாற்பத்து மூன்று மனுக்களும் எழுந்து உட்காரும். ஒத்துக்கொள்ளாவிட்டால், பன்னிரண்டு நிமிடத்தில் போனவர் இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்பதற்கு விமானத்தைத்தான் விசாரிக்க வேண்டும். விமானத்துக்குக் குறிப்பாணை அனுப்ப விதியில் இடமில்லை. மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசியில் திருமலைசாமியை நேரில் போய்ப் பேசிவரச் சொன்னார்கள்.

திருமலைசாமி ஜீப்பில் தாளவாடி வந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. திம்பம் ஏறும்போது பதினாலாம் வளைவிலும் இருபதாம் வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்திருந்தார். சென்னகிருஷ்ணன் அவரை உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார்.

"எத்தன மணி நேரமுங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"அத உடுங்க," என்றார் திருமலைசாமி. கொஞ்சம் தெளிந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நான் சொல்றதக் கேளுங்க. போற வழியில வாந்திபேதி வந்து படுத்துப்போட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க. மருத்துவ விடுப்பாப் போட்டு முடிச்சரலாம். உங்களுக்கும் நல்லது, வாரியத்துக்கும் நல்லது."

"எனக்கு வாந்தி வரலீங்க. உங்களுக்குத்தான் வந்துது."

"ஒரு பேச்சுக்குத்தானுங்க."

"நான் பஸ்ஸுல வந்தனுங்க. என்ற பொண்ணு பொறந்தப்ப நான் உக்கடத்துல நின்னுட்டு இருந்தேன். அத எழுதச் சொல்லுங்க, எழுதறேன். வேற எதுவும் எழுத மாட்டனுங்க."

இதைச் சொல்லும்போது சென்னகிருஷ்ணன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவர் நீட்டிய தாளை வாங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. திருமலைசாமி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது குழந்தையைப் பார்த்து, கையில் இருந்த ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் தொட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னொருக்கா இந்த ரோட்டுல நான் வர மாட்டனுங்க," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

பங்குனியில் இறுதி ஆணை வந்தது. செங்கோடனே கையெழுத்திட்டிருந்தார்.

'மதிய உணவு இடைவேளையைத் தவறாகப் பயன்படுத்தியது, பதிவேட்டில் கேலியாகக் குறிப்பெழுதியது, மேலதிகாரியின் நல்லெண்ணத்தைப் புறக்கணித்தது ஆகிய மூன்று குற்றங்களும் ஐயமற நிரூபணமாகியுள்ளன. இத்தகைய ஊழியரை வால்பாறை போன்ற பொறுப்பான நிலையத்தில் வைத்திருப்பது வாரியத்தின் நலனுக்கு உகந்ததல்ல. ஆகவே அவர் தண்டனையாக, எளிதில் சென்று சேர முடியாத நிலையமான தாளவாடிக்கு மாற்றப்படுகிறார். பதவி உயர்வு ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. அவர் வால்பாறையில் நேரில் பணி விடுவிப்புப் பெற்று, அன்றே தாளவாடியில் சேர வேண்டும். பணியில் சேரும் கால அவகாசம்: 12 நிமிடம்.'

கோமளா ஆணையை வாங்கிப் படித்தாள். 'எளிதில் சென்று சேர முடியாத' என்ற இடத்தில் விரலை வைத்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து மாதமாக அவர் நிரூபிக்க அலைந்தது அந்த நான்கு வார்த்தைகளைத்தான்.

தாளவாடியில் இருந்தவர், தாளவாடிக்கு மாற்றலாவதற்காக ஐந்து பஸ் மாறி வால்பாறை போனார். காலை பத்து மணிக்கு விடுவிப்புப் பெற்றார். ஐந்து பஸ் மாறித் திரும்பி, மறுநாள் பணியில் சேர்ந்தார். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சேர வேண்டியவர் சேராததற்கு விளக்கம் கேட்டு இன்னொரு குறிப்பாணை வந்தது. அதற்கு அவர் எழுதிய விளக்கம் இன்னும் பரிசீலனையில் இருந்தது. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தபோதும் அது பரிசீலனையில்தான் இருந்தது. சென்னகிருஷ்ணனுக்குக் கீழே வேலை பார்த்தவர் அந்த வருடம் அவருக்கு மேலதிகாரியானார். அதை நினைத்தால் மட்டும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஹராஜ் வந்தாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் கணவன் இல்யாஸ் கொல்லிமலையில் வாரியத்தின் தேன் பண்ணையில் இருந்தான். அந்த நாற்பத்து மூன்று மனுக்களில் அவர்களுடையதும் ஒன்று. கம்ப்யூட்டர் அவர்களுக்குப் பதினொன்றே முக்கால் நிமிடம் சொல்லியிருந்தது.

"அண்ணா, நாங்க மறுபடி மனு போடலாம்னு இருக்கறோம். அந்த விமான நிலையம் இல்லாத சான்று எப்படி வாங்கறது? எங்களுக்கும் கொஞ்சம் எழுதிக் குடுப்பீங்களா?"

சென்னகிருஷ்ணன் அவள் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். நல்ல பெண், அவர் மகளை முதலில் கையில் ஏந்தியவள். அவளுக்கு உண்மையைத் தவிர வேறு எதைச் சொல்வதும் நியாயமில்லை என்று பட்டது.

"மனு போடாதீங்க அம்மணி. விதியக் காட்டிக் கேட்டா அவுங்க விதியக் காட்டித் திருப்பிப் போட்ருவாங்க. உங்க ஊட்டுக்காரர என்னமாச்சும் ஒரு தப்புப் பண்ணச் சொல்லுங்க. பெருசா வேண்டாம். ஒரு நடுத்தரமான தப்பு. தண்டனைன்னு தாளவாடிக்குத்தான் அனுப்புவாங்க."

மெஹராஜ் யோசித்தாள். முகம் மெல்ல வாடிப்போயிற்று.

"அவருக்கு ஒரு தப்பும் பண்ணத் தெரியாதுங்களே அண்ணா," என்றாள்.

"அப்பக் கஷ்டந்தானுங்க," என்றார் சென்னகிருஷ்ணன்.